கடைசித் துளைக்கு எட்டாத விரல்

என் அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்திக் கொடுக்கும் வேலை. காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று பார்த்து, பிரேமைச் சூடான காற்றில் காட்டி இளக்கி வளைத்துக் கொடுப்பாள். பொருந்தாத பொருள் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே ஒத்துக்கொள்ள மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். ஆடுகிற நாற்காலி, கடிக்கிற செருப்பு, ஒரு வேலையில் நிலைக்காத தம்பியாகிய நான், எல்லாவற்றையும் நிமிர்த்திக்கொண்டே இருப்பாள்.

அவள் மகள் குட்டிக்கு வலது கைச் சுண்டுவிரல் பிறவியிலேயே பாதிதான். அவளுடைய சட்டைகளுக்கெல்லாம் அக்கா வலது பக்கம் ஆழமாகப் பாக்கெட் வைத்துத் தைத்திருந்தாள். கை பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். வகுப்பில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது.

இந்த வருடம் பள்ளியில் ரெக்கார்டர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வாயில் வைத்து ஊதும் நேரான குழல். விலை குறைவாக ஏதாவது வாங்கினால் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: மாத முடிவுக்குள் அடி ஸ்வரம் வராதவர்கள் கைதட்டும் வரிசைக்குப் போகவேண்டும். அந்த ஸ்வரத்துக்கு எல்லாத் துளைகளையும் மூடவேண்டும். கடைசித் துளை, கீழே பிடிக்கும் வலது கையின் சுண்டுவிரலுக்கு உரியது.

"நான் கையே தட்டிக்கிறேன்மா" என்றாள் குட்டி. சொல்லிவிட்டு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கே என்னவோ போலாகிவிட்டது. அக்கா விடுவாளா?

முதலில் கண்ணில் பட்ட கடையில் நீல நிறத்தில் ஒன்று வாங்கினாள். ஒரே துண்டாக வார்த்த பிளாஸ்டிக். விரல் எட்டவில்லை. உடனே கடைப் புத்தி வேலை செய்தது. குழலை எடுத்துப்போய்ப் பிரேம் இளக்கும் சூட்டில் காட்டி, அடிப்பக்கத்தை விரல் பக்கமாக வளைக்கப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தது குழல் இல்லை, வாழைப்பழம்.

"ஏன்க்கா, ஊதறதுக்கா, உரிச்சுத் தின்னறதுக்கா?"

"வாயை மூடுடா. வண்டியை எடு."

அதன்பிறகு கடை கடையாக அலைந்தோம். ஊதிப் பார்க்க எங்கேயும் விடவில்லை, எச்சில் படுமாம். பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். அக்கா தன் சுண்டுவிரலைப் பாதியாக மடக்கிக்கொண்டு ஒவ்வொரு குழலாகப் பிடித்துப் பார்த்தாள். "கையில அடியா மேடம்?" என்று ஒரு கடைக்காரர் பரிதாபப்பட்டார். மரக்குழல் ஒன்றைக் காட்டி, இதுதான் உயர்ந்தது என்றார். எண்ணெய் தடவிப் பராமரிக்கவேண்டும், பிள்ளைகள் கையில் வெடித்துவிடும் என்று அவரே சொன்னதும் அக்கா கீழே வைத்துவிட்டாள்.

"அடித் துளை கொஞ்சம் இந்தப் பக்கம் நகருமா?" என்று கேட்டாள்.

"அப்ப மூணு துண்டா கழட்டறது வாங்குங்க. அடித்துண்டைத் திருப்பி வெச்சுக்கலாம். சின்னக் கைக்கெல்லாம் அதான் சௌகரியம்." அதுவும் பிளாஸ்டிக்தான், விலையும் அதிகமில்லை. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டில் அம்மாவும் மகளும் அடித்துண்டை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். விரல் நுனி துளையின் ஓரத்தைத் தொட்டதே தவிர மூடவில்லை. கிரீச்சென்று காற்றுதான் வந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அக்கா பக்கத்திலேயே நின்று நச்சரித்தாள். குட்டிக்கு எரிச்சல் வந்து, அடித்துண்டை முழுக்க இடது பக்கம் திருப்பி, வலது கையை மேலே வைத்து இடது கையைக் கீழே கொண்டுபோனாள். மேல் கையின் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. ஊதினாள். அடி ஸ்வரம் கனமாக வந்தது.

நான் விசில் அடித்தேன். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே முகம் மாறிவிட்டது. வலது கை இப்போது வாய்க்குக் கீழேயே இருந்தது. அந்த அரை விரல் எல்லாரும் பார்க்கும்படி நீட்டிக்கொண்டு நின்றது.

"வேணாம்டி. வேற ஏதாவது பாக்கலாம்" என்று குழலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். "நாளைக்கே கடையில குடுத்துட்டு வரேன்."

"ஏன்?"

"எல்லாரும் பாப்பாங்க."

"மறைக்கச் சொன்னது நீதானேம்மா? நான் எப்ப கேட்டேன்?"

எனக்கு அக்காமேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் குழலை எடுத்துக் குட்டியிடமே கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாள் வேலையில் அவளுக்குக் கை ஓடவில்லையாம். குட்டி பள்ளிவிட்டு வந்ததும், பையைக்கூட இறக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"கை மாறிப்போச்சு, சரியாப் பிடின்னாங்க. விரலைக் காட்டினேன். சரி, இப்படியே பிடின்னாங்க."

"பசங்க?"

"பாத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாரும் ஊதினோம்."