ஆறு என்றே எழுதினோம்

அந்தக் கடல் வரைபடத் தளத்தை முதன்முதலாகத் திறந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பல்கலைக்கழகக் கணினி அறையில் இணையம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. இலங்கையைச் சுற்றி நீலம் மெல்ல மெல்ல விரிந்தது. ஆழத்துக்கு ஒரு அடுக்கு, நீரின் சூட்டுக்கு ஒன்று, கப்பல் பாதைக்கு ஒன்று, மீன்பிடி இடங்களுக்கு ஒன்று. வேண்டியதைத் தட்டினால் படத்தின்மேல் வந்து உட்காரும். யாரும் இலவசமாகப் பார்க்கலாம், ஆய்வு செய்கிறவர்கள் தங்கள் தரவையும் ஏற்றலாம். கல்லடிக்கு வெளியே கடலுக்கு எத்தனை நிறம்! கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வாவி முழுவதும் வெறும் சாம்பல்.

"நம்மட பக்கம் மனிசரே இல்லாத மாதிரிக் கிடக்குகா," என்றாள் என்னோடு ஆய்வு செய்த தோழி. காத்தான்குடிக்காரி, எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "வா, நாமளே நிரப்புவம்."

அதையே இறுதியாண்டு ஆய்வாக எடுத்தோம். கடலிலும், கடலோடு கலக்கும் உப்புத்தண்ணீர் வாவியிலும் யார் எங்கே மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்டு, கைப்பேசியில் இடத்தைக் குறித்துத் தளத்தில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் தளம் ஒரு கேள்வி கேட்கும்: கடலா, களப்பா, ஆறா? எங்கள் விரிவுரையாளர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "சனம் சொல்ற சொல்லை மாத்தாம எழுதுங்க. உங்கட கெட்டித்தனத்தை அதில காட்ட வேணாம்."

சனம் ஆறு என்றது. எங்கள் பக்கம் வாவிக்கு ஆறு என்றுதான் பெயர். ஆத்து மீன், ஆத்து இறால், ஆத்தங்கரை. வாவி பாட்டிலும் பாடப்புத்தகத்திலும் வரும், அரசாங்க அறிவித்தலில் அதுவே களப்பு. ஆரையம்பதியிலிருந்து பெரியகல்லாறு வரை கேட்டவரெல்லாம் ஆறு என்றார்கள். கேட்ட எங்கள் இருவருக்கும் அதுவே வீட்டுச் சொல். ஆறு என்றே தட்டினோம்.

பெரியகல்லாற்றில்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அத்தானுக்கு ஒரு தோணி, வீச்சுவலை, வீட்டுக்குப் பின்னால் ஆழமில்லாத அந்தத் தண்ணீர். அவர்கள் அடுப்பு எரிவது அதில்தான். நாங்கள் தரவு எடுத்த காலத்தில் ஒரு கம்பனி அதே இடத்தை வளைத்து நண்டு வளர்க்க அனுமதி கேட்டிருந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க போடுற படத்தில நம்மட இடமும் வரும்தானே?"

"வராம எங்க போகப்போகுது? நீ பயப்பிடாத," என்றேன்.

ஊர்ப் பொதுமண்டபத்தில் கூட்டம் நடந்தது. கம்பனி ஆள் பெரிய திரையில் திறந்தது எங்கள் தளத்தைத்தான். மீன்பிடி அடுக்கைத் தட்டினார். கடற்கரை நெடுகப் புள்ளிகள் பூத்தன. வாவிக்குள் ஒன்றுகூட இல்லை.

"இது உங்கட பல்கலைக்கழகப் பிள்ளைகள் எடுத்த தரவு. இந்தப் பகுதியில மீன்பிடி இல்லையென்று அவங்களே காட்டியிருக்கிறாங்க."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ விளக்கம் வைத்திருப்பேன் என்று நம்பிப் பார்த்தார். பக்கத்தில் தோழி, "அல்லாஹ்வே, எல்லாம் எங்ககா போன?" என்று கைப்பேசியைப் போட்டு நோண்டினாள். நான் எழுந்து கத்திவிட்டேன்.

"பொய்! எங்கட அத்தான் அதிலதான் மீன் பிடிக்கிறார். இந்தா இருக்கிறார், அவரைக் கேளுங்க!"

"தங்கச்சி, ஆத்திரப்படாதீங்க," என்றார் தலைமை தாங்கியவர். "இது நீங்க எடுத்த தரவுதானே?"

ஓம் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல?

வெளியே வந்து மதிலோரம் நின்று தேடியபோது புரிந்தது. அந்தத் தளத்துக்கு ஆறு என்றால் நன்னீர். எங்கள் புள்ளிகளை அது பத்திரமாகத்தான் வைத்திருந்தது, யாரும் திறக்காத நன்னீர் அடுக்கில். தோழி சிரிக்கவில்லை. அங்கேயே நின்று ஆற்றையெல்லாம் களப்பு என்று மாற்றினோம். ஆனால் திருத்தத்தைத் தளத்துக்காரர்கள் சரிபார்த்துத்தான் வெளியிடுவார்களாம். விரிவுரையாளர் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். போன இடமெல்லாம், பழைய படத்தின்படி கம்பனிக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

பிழை யாருடையது என்று இன்றும் கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் பொய் எழுதவில்லை, சனமும் பொய் சொல்லவில்லை. உலகக் கடலையெல்லாம் அளந்து வைத்தவர்களுக்கு எங்கள் வாயில் புழங்கும் ஒரு சொல் தெரியாமல் போனது. அதற்கு என் அக்காவா பட்டினி கிடக்கவேண்டும்?

திருத்தம் தளத்தில் வந்ததும் பெரியகல்லாற்றுக்கு ஓடினேன். அத்தான் கைப்பேசியை வாங்கி விரலால் பெரிதாக்கினார். புள்ளிகள் நிறைந்திருந்தன. தன் வளவைக் கண்டுபிடித்தார், அதற்குப் பின்னால் தன் புள்ளியையும்.

"ஓம், இது நான்தான்," என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. வேலிக்கு அப்பால் தண்ணீரில் கம்பனி கம்பு நட்டு வலை கட்டியிருந்தது. தோணியைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

கைப்பேசியைத் துடைத்து என்னிடம் தந்தார். "படத்துக்குள்ள வந்திட்டன் புள்ள. ஆத்துக்குள்ளதான் இறங்க ஏலா."