சோம்பேறி விரலுக்குக் கதவு திறந்தவர்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சந்தியாகு அண்ணன் இறந்த செய்திக்கு நான் கேக் படம் அனுப்பினேன். நம் இறால் கம்பெனி வாட்ஸ்அப்பில் பூ போட்ட கட்டத்துக்குள் அவர் சிரிக்கிற படம் வந்தது. கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பொறுமை எனக்கு ஏது? பிறந்தநாள் என்று நினைத்துவிட்டேன். என்னோடு இறால் உரிக்கிற ஜெயமேரிதான் போன் போட்டாள். “ஏக்கா, அண்ணே நெஞ்சுவலில எறந்து கெடக்கு, நீ கேக்கு வெட்டுற!”

இறாலை உறைய வைக்கும் மிஷின்கள் அவர் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரோடு கோத்தபோது வாசலுக்கு விரல் வைக்கிற பெட்டியும் வந்தது. அதுவும் அவர் தலையில் விழுந்தது. நமக்கோ ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து உரித்து ரேகையே தேய்ந்து கிடந்தது. பெட்டிக்கு அடையாளம் தெரியாதவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். நான் அண்ணனிடம் போய் நின்றேன்.

“அண்ணே, உங்க விரல வச்சு என்னைய உள்ள விட்டுருங்க. தேஞ்சா போயிரும்?”

“விரலும் பல்குச்சியும் எரவல் குடுக்குற சாமானா தாயி? உள்ள எல்லா மிஷினும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கெடக்கு. இன்னைக்கு ஒனக்குத் தொறந்தா, நாளைக்கு எவனாச்சும் உள்ள போயி ஒண்ணத் தட்டுவான், அம்புட்டும் நிக்கும்.”

“நான் என்ன கடல்கொள்ளக்காரியா?”

“ஒன் வாயப் பாத்தா சந்தேகமாத்தான் இருக்கு.”

வெளியிலேயே நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்து, என் கையைத் துண்டால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார்.

“என்னண்ணே, மோதிரம் போடப் போறீகளா?”

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. கையை மட்டும் விடவில்லை. கடைசியாக இடது சுண்டுவிரலுக்குப் பெட்டி பச்சை காட்டியது. உரிக்கும்போது அதைத் தூக்கியே வைத்திருப்பேன், தேயவில்லை.

“சோம்பேறி விரலுதான் ஒனக்குச் சோறு போடுது, போ” என்றார். தம் சாப்பாட்டைக் காக்கைக்கு விட்டுவிட்டு, ரேகை தேய்ந்த எல்லாருக்கும் அப்படியே பதிந்து தந்தார். ஒருத்திக்கும் வேலை போகவில்லை.

சிவந்த அந்தக் காதும், யாருக்கும் விரல் இரவல் தராத அந்தப் பிடிவாதமும் என்னோடு இருக்கின்றன.

அவர் ஊரான தங்கச்சிமடத்தில் அடக்கம் முடிந்ததும், வந்தவர்களுக்குச் சமைக்க அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கினேன். இடது சுண்டுவிரல் ஆழமாக வெட்டுப்பட்டது. மறுநாள் கட்டோடு வேலைக்குப் போனேன். பெட்டி சிவப்பு காட்டியது. ஜெயமேரி எனக்காகத் தன் விரலை வைக்க வந்தாள். வேண்டாம் என்றேன். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன்.