ஆரின் போடாத ஓட்டு

சட்டமன்றம் கூடும் மாதங்களில், மாநிலத் தலைநகரான மான்ட்பெலியரில் உள்ள என் வீட்டு மாடி அறைகளை உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடுவேன். சபையில் கர்ஜிக்கிறவர்கள் என் வீட்டில் வெந்நீருக்கு அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டையில் சேராத ஒரே ஆள் ஆரின் த்ரால்.

மலையூர்க்காரர். கொஞ்சம் மாடுகள், ஒரு பழைய டிரக், இதயம் பலவீனமான மனைவி லெட்டி. ஒரு குளிர்காலத்தில் பனி பாதையை மூடிவிட, டாக்டரின் கார் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. லெட்டி எப்படியோ பிழைத்தாள். மலைப்பாதைகளில் பனி அள்ளுவதை மாநில அரசே செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவரத்தான் ஆரின் தேர்தலில் நின்றார். இல்லாவிட்டால் அந்த மனிதருக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? "அடுத்த பனிக்குள்ள பனி அள்ளற வண்டி நம்ம வாசலுக்கு வரும். உன்னை இந்த மலைய விட்டு இறக்க மாட்டேன்" என்று லெட்டியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மசோதாவை எதிர்த்தவர்களில் பெரிய வாய் வெண்டல் ப்ரௌட்டிக்கு. சமவெளியில் பெரிய பண்ணை. அவரும் என் வீட்டில்தான் தங்கியிருந்தார். சபையில் முட்டிக்கொண்டுவிட்டு, காலையில் இருவரும் ஒரே மேசையில் டோனட் தின்பார்கள்.

மார்ச் கடைசியில் வெயில் அடித்தது. மேப்பிள் மரங்களில் சாறு இறங்கிவிட்டால், அதை வடித்துப் பாகு காய்ச்ச வேண்டுமே என்று சபையில் பாதிப் பேருக்கு இருப்புக்கொள்ளாது.

"யோவ் ஆரின், சாறு இறங்கிடுச்சாம். நான் ஊருக்குக் கிளம்பறேன். ஜோடி போட்டுக்கலாமா?" என்றார் வெண்டல்.

ஜோடி என்பது எங்கள் சபைப் பழக்கம். எதிரெதிர்ப் பக்கத்து ஆட்கள் இருவரில் ஒருவர் வர முடியாமல் போனால், மற்றவரும் ஓட்டுப் போடாமல் இருப்பார். கைகுலுக்கினால் முடிந்தது.

நான் காபி ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "அவர் போனா உங்களுக்கு ஒரு எதிரி குறைவு. போகட்டும் விடுங்க."

"நாளைக்கு என் மரத்துலயும் சாறு இறங்கும், ஹேசல்" என்று ஆரின் கையை நீட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே மசோதா ஓட்டுக்கு வந்தது. நான் பார்வையாளர் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட்டபோது ஆரின் எழுந்தார்.

"ப்ரௌட்டியோட ஜோடி போட்டிருக்கேன். அவர் இருந்தா எதிர்ப்பார், நான் ஆதரிப்பேன். அதனால ஓட்டுப் போடல."

எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சமம். சமமாக நின்றால் மசோதா விழுந்துவிடும், விழுந்தது. அவர் ஒருவர் ஓட்டுப் போட்டிருந்தால் போதும்.

சாறு நின்றதும் வெண்டல் ஒரு டப்பா மேப்பிள் பாகோடு திரும்பி வந்தார். ஆரினின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"போற வழியில, உங்க மலையடிவாரத்துல என் கார் பனிச்சேத்துல மாட்டிக்கிச்சு. உன் மலைக்காரங்கதான்யா தோண்டி எடுத்தாங்க. அப்பவே மனசு மாறிடுச்சு. ஜோடி வேணாம், நீ போட்டுக்கோன்னு உனக்குப் போன் பண்ணணும்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா? அப்புறம் எந்தக் கை தடுத்துச்சு?" என்று கேட்டேன்.

"சாறு கொதிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. அடுப்ப விட்டு நகர முடியல. நாளைக்குப் பண்ணலாம்னு விட்டுட்டேன்."

அந்த டப்பாவை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆரின் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு, "பாகு நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். வெண்டல் அழுதுவிட்டார்.

பனி விழுவதற்கு முன் ஆரின் மாடுகளை விற்றார். மலைவீட்டைப் பூட்டிவிட்டு, லெட்டியை அடிவாரத்தில் ஒரு கடைக்கு மேலிருந்த அறைக்குக் கூட்டிவந்தார். மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. நான் பார்க்கப் போனபோது அவள் மலை தெரியும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் போல வார்த்தையக் காப்பாத்தற ஆள் அந்தச் சபையிலயே இல்ல" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, ஹேசல். எனக்கும்தான் ஒரு வார்த்தை குடுத்திருந்தாரு" என்றாள் லெட்டி.