மஞ்சள் பூசிய சுமைதாங்கி

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் நான் வரைவாளர். சாலை எங்கே வளையும், சாக்கடை எங்கே போகும், யார் வீட்டு வாசற்படி உடையும் என்பதைக் கோடாகப் போடுவது என் வேலை. எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். வரத்தான் செய்கிறது.

தேவாரம் ஊருக்குப் போகும் சாலை பிரியும் முக்கில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. நெஞ்சுயரத்துக்கு இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் அந்தக் காலத்தில் நட்டது. வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கினால் அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. அவள் யார் என்று கல்லிலும் எழுதவில்லை, எங்கள் பதிவேட்டிலும் இல்லை.

அந்த முக்கை அகலப்படுத்தியே ஆகவேண்டும். அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் அங்கேதான் நிற்கும். லாரியும் பஸ்ஸும் அதே இடுக்கில்தான் திரும்பும். ஜீப்புக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணை லாரி இடித்ததில் அவள் கால் போயிற்று. அதற்குப் பிறகுதான் திட்டமே வந்தது. வரைபடம் நான் போட்டது. அகற்ற வேண்டியவை பட்டியலில், மின்கம்பத்துக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவில், ‘கல் ஒன்று’ என்று எழுதியிருந்தேன்.

சரிபார்க்கப் போன அன்று, தோட்டத்திலிருந்து திரும்பிய ஒரு பெண் அந்தக் கல்மேல் புல்லுக்கட்டை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கல்லை எடுக்கப்போகிறோம் என்றேன்.

“எடுத்துட்டீகன்னா, கட்டைத் தூக்கிவிட நான் யாரைக் கூப்பிடுறது மேடம்? இதுன்னா இறக்கவும் ஏத்தவும் ஒத்தையாளாப் பாத்துக்கிருவேன்.”

தினமும் ஸ்கூட்டியில் கடந்துபோகிற கல். அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. சாலையும் அகலமாக வேண்டும், கல்லும் நிற்க வேண்டும்; அதற்கு வழி காணாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். மேலதிகாரியிடம் சண்டை போடாத குறையாகப் பேசி, நேரில் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தேன்.

அதற்குள் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. கல்லுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் நல்லது செய்வதாக நினைத்துக் களத்தில் இறங்கினார். எங்கள் பக்கத்தில் எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் மஞ்சளைப் பூசிவிடுவோம். சாமிமேல் எவன் கை வைப்பான் என்ற தைரியம்தான். அவரும் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் பட்டுச் சுற்றி, பக்கத்தில் ஒரு சூலத்தையும் நட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கிற அளவுக்கு அம்மன் வளர்ந்துவிட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சாலையோரம் புதிதாக முளைத்த கோவிலை அகற்றச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு. வெறும் கல்லாக இருந்தவரை அதற்காக நான் வாதாட முடிந்தது. சாமியானதும் அது ஆக்கிரமிப்பு!

கடைக்குப் போய், எல்லாவற்றையும் கழுவிவிடச் சொல்லிக் கத்தினேன். அவரும் விடவில்லை.

“ஊர்ப் பெரியாளுக எல்லாம் வந்து கும்பிட்டுப் போனாக. நீங்க கழுவுங்கிறீக. சாமிக்குத்தம் ஆகிப்போகும்மா.”

எங்கள் சத்தம் கேட்டு, ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் கூடிவிட்டார்கள். புல்லுக்கட்டுக்காரியும் அதில் இருந்தாள். “அண்ணே, நீங்க சாமியாக்கிட்டீக. இப்ப அதுமேல கட்டை வைக்க முடியுதா? நாலு நாளா இங்கன கழுத்து ஒடிய நிக்கிறோம். சுமையை இறக்கத்தானே அந்த மகராசிக்குக் கல்லு நட்டாக?” என்றாள்.

கடைக் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து அவளே கழுவினாள். சூலத்தைப் பெரியவரே பிடுங்கிக்கொண்டார்.

அதிகாரியை மாலை ஐந்து மணிக்கு வரவழைத்தேன். ஜீப்புகள் திரும்பும் நேரம் அது என்று அவருக்குத் தெரியாது. வரிசையாகப் பெண்கள் வந்து சுமையை இறக்கி, தோளை நீவிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்த்துக்கொண்டே நின்றார். “சரி, இருக்கட்டும். இந்தக் கல் இருக்கும் இடத்தில் வரவேண்டிய சாக்கடையை எங்கே கொண்டுபோவீர்கள்?” என்றார்.

புது வரைபடத்தை விரித்தேன். சாலை கல்லைச் சுற்றி வளைந்தது. சாக்கடை நாலடி தள்ளி, டீக்கடையின் முன்பக்கத்தை வெட்டிக்கொண்டு போனது. அது பெரியவரின் பட்டா இடம். அவர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் கல் போகும். பெரியவர் டீ கிளாஸோடு எங்கள் பின்னால் நின்றிருந்தார். வரைபடத்தில் தன் கடையைக் கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

“கால் போன அந்தப் புள்ளையைத் தூக்கி ஆட்டோவுல போட்டவன் நான். ரோடு வரட்டும். கல்லும் இருக்கட்டும். நாலடிதானே, எழுதித் தாரேன். ஆனா, கோடு போடுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?”

கேட்டிருக்கலாம். ‘கல் ஒன்று’ என்று எழுதிய அதே கைதான் அவர் கடையையும் வெட்டியிருந்தது. அத்தனை பேர் முன்னால், தப்புதான் ஐயா என்றேன்.

இப்போது பென்சிலைத் தொடும் முன் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கேட்கிறேன். வேலை தாமதமாகிறது, மெமோகூட வாங்கிவிட்டேன். யாராவது கதவைச் சாத்தினால் மறுநாளும் போய்த் தட்டுகிறேன்.