தோளில் கொக்கி வைத்த ஜாக்கெட்

சிலாவத்துறையில் கடலட்டை எடுக்கும் சுழியோடி ஒருவரோடு கொஞ்சநாள் வேலை செய்தேன். ஒல்லியான மனிதர். அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுவேன். கடலடியில் அதிக நேரம் கிடந்ததில் இடது கை மரத்து, முழுதாக மடக்க வராது. அப்படியும் தனியாகவே படகோட்டி, தனியாகவே இறங்கி வந்தவர்.

காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்ட அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று காற்றூதும் ஜாக்கெட். தோள் கொக்கியை அழுத்தினால் கழன்றுவிடும். மற்றது இரும்புத் தட்டும் கொக்கியில்லாத ஒரே நீளப் பட்டியும். கையை மடக்கி உருவினால்தான் வெளியே வரலாம்.

“தட்டை எடுங்கோ தம்பி. நெஞ்சில ஒண்டும் இடிக்காது,” என்றார்.

“அப்ப நீங்கள் ஏன் நானா ஜாக்கெட் போடுறீங்கள்?”

“இவ்வளவு நாளும் என்னைக் கழட்டிவிட ஆர் நிண்டது, மீனோ?”

ஒருவர் இறங்க மற்றவர் படகில் இருப்பார். நான் மேலே வரும்போதெல்லாம் குனிந்து என் கையைப் பட்டியிலிருந்து உருவிவிடுவார். தான் இறங்கி மேலே வரும்போது, நான் குனியுமுன்பே கொக்கியைத் தானே கழற்றிவிடுவார்.

மூன்றாம் வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருகோணமலைக்குப் போகிறேன் என்று சொல்லக் காலையில் கரைக்குப் போனேன். அவர் தட்டை மாட்டி, பட்டியைத் தன் அளவுக்கு இறுக்கிக்கொண்டு நின்றார்.

“இண்டைக்கு இதோட இறங்கிப் பாப்பம். நீங்கள் உருவிவிடுவீங்கள் தானே?”

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“ஓம், போயிட்டு வாங்கோ,” என்று இடது கையை என் பக்கம் நீட்டினார். பட்டியை உருவிவிட்டேன். ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படகைத் தள்ளினார்.

திருகோணமலையில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஒரு நாள் பிந்திப் போயிருக்கலாம்.