மஞ்சள் பொத்தான்

பேராசிரியர் முதன்முறை எங்கள் இறால் பண்ணைக்கு வந்தபோது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று தீன் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தீன் தட்டு என்பது வலை கட்டிய ஒரு சட்டம். ஒரு பிடி தீனைப் போட்டுக் குளத்தில் இறக்கி, இரண்டு மணித்தியாலம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தீன் முடிந்திருந்தால் இறால் நலம். மிச்சம் இருந்தால் ஏதோ கோளாறு. புத்தளத்துக்கு அருகே முந்தல் என்ற ஊரில் வாவியோரம் இருக்கும் அந்தப் பண்ணையில் பதினைந்து வருடமாக நான் செய்த வேலை அது.

வாகனத்தில் இருந்து இறங்கிய பெண்ணைக் கண்டதுமே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் தழும்பு. அது விழுந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து புத்தளத்து அகதி முகாமுக்கு வந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு, ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன பிறகு பின்னேரத்தில்தான் வகுப்பு. எல்லோருக்கும் கதிரை போதாது. மணி அடித்ததும் ஓட வேண்டும். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் படித்தபோது ஒருநாள் அப்படி ஓடியபோது அவர் கதவு விளிம்பில் மோதினார். இரத்தம் கன்னத்தில் வழிய, போய்க் கதிரையில் உட்கார்ந்தார். ஆசிரியை எழும்பச் சொல்லியும் எழும்பவில்லை. அவருக்குப் பின்னால் நிலத்தில் இருந்தவன் நான்.

அந்த வருடத்தோடு என் படிப்பு முடிந்தது. வாப்பாவோடு உப்பளத்துக்குப் போனேன், பிறகு இறாலுக்கு வந்தேன். அவர் படித்துக்கொண்டே போனார். பல்கலைக்கழகம் போனார், வெளிநாடு போனார், கலாநிதியாகித் திரும்பி வந்தார், பேராசிரியரானார். எங்கள் முகாமில் இருந்து யார் எங்கே போனாலும் செய்தி எங்களுக்கு வந்து சேரும்.

இதில் எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. முதலில் பேசுவது எனக்கு வராது. அவர் ஸலாம் சொன்னார். பதில் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரையில் குந்தி உட்கார்ந்து அவர் தன் ஆராய்ச்சியை விளக்கினார். கணினிக்கு நோயின் குறிகளை எழுதிக் கொடுப்பதில்லையாம். இறால் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டி, இது நலம், இது நோய் என்று சொல்லிக்கொண்டே போனால் வேறுபாட்டை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளுமாம். பிறகு தொலைபேசியில் ஒரு படம் பிடித்தால் போதும், வெள்ளைப்புள்ளி நோயா இல்லையா என்று சொல்லிவிடும்.

"நலமா நோயா எண்டு அதுக்கு ஆரு சொல்லுற மிஸ்?" என்று கேட்டேன்.

"நீங்கதான் நானா" என்றார், எங்கள் ஆட்கள் அண்ணனை அழைக்கும் முறையில்.

"நான் சொல்லுறதா?"

"ஓம். பதினைஞ்சு வருசம் பாத்த கண் எனக்கு இல்லையே."

அவரோடு வெளிநாட்டில் படித்தவர்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வாகனத்துக்கும், மனிதர்போலப் பேசும் கணினிக்கும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஏன் இறாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பல்கலைக்கழகத்திலேயே சிரித்தார்களாம். அதை அவரோடு வந்த உதவி விரிவுரையாளர் எனக்குச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துப் பெண். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "சிரிக்கட்டும். எங்கட வாவிக்கு வேற ஆரு செய்வா?" என்றார்.

இரண்டு வருடம் படம் பிடித்தார்கள். எங்கள் பண்ணையிலும் பக்கத்துப் பண்ணைகளிலும். இறாலை அள்ளி, பேசின் எனும் அகன்ற பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டு, மேலிருந்து ஒரு படம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் கொட்டிலில் உட்கார்ந்து படங்களுக்கு அடையாளம் இடுவேன். தொலைபேசித் திரையில் மூன்று பொத்தான். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் நோய். மஞ்சள் என்றால் தெரியாது.

நான் மஞ்சளை அடிக்கடி அமத்தினேன். ஓட்டில் புள்ளி விழுந்த இறாலை யாரும் சொல்லலாம். புள்ளி விழுவதற்கு முந்திய நாட்கள்தான் கஷ்டம். அப்போது நான் இறாலை மட்டும் பார்ப்பதில்லை. தட்டில் தீன் மிச்சமா, முதுகில் ஓடும் குடல் கோடு நிறைந்திருக்கிறதா, கைக்குள் பிடித்தால் எவ்வளவு பலமாகத் துள்ளுகிறது, எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பேன். படத்தில் துள்ளல் இல்லை, தட்டும் இல்லை.

"அண்ணை, இப்பிடித் தெரியாது தெரியாது எண்டு அமத்தினா மெஷின் என்னத்தைப் படிக்கிறது?" என்றார் உதவி விரிவுரையாளர்.

"தெரியாதது தெரியாதுதானே."

"ஒரு பக்கம் சாய்ஞ்சு அமத்துங்கோ. எழுபது வீதம் நோய் மாதிரி இருந்தா சிவப்பு."

"எழுபது வீதம் இறால் எண்டு ஒண்டு இல்ல தங்கச்சி."

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கு அடுத்த கிழமை மஞ்சள் அமத்திய படங்களையெல்லாம் திருப்பி அனுப்பினார், மறுபடி பார்க்கச் சொல்லி. நான் மறுபடி பார்த்தேன். மறுபடி மஞ்சள். வாழ்க்கையில் நான் யாரிடமும் மாட்டேன் என்று வாய் திறந்து சொன்னவன் இல்லை. விரலால் சொன்னேன். கடைசியில் அவர்கள் என் மஞ்சள் படங்களையெல்லாம் கழித்துவிட்டு, பச்சையையும் சிவப்பையும் மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். அது வழக்கமான முறைதான் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பேசாமல் குளத்துக்குப் போனேன்.

மூன்றாம் வருடம் இயந்திரம் ஆயத்தமானது. பேராசிரியர் அதைப் பற்றிய கட்டுரையை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். வாவியோரத்துப் பண்ணைக்காரர் எல்லோரையும் எங்கள் பண்ணைக்கு அழைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. மூன்று நாள் முன்பே என் தொலைபேசியிலும் அதைப் போட்டுத் தந்தார்கள். பச்சை வெளிச்சம், சிவப்பு வெளிச்சம், அவ்வளவுதான். மஞ்சள் இல்லை.

முதல் நாள் அது சொன்னதெல்லாம் சரி. இரண்டாம் நாள் காலை நாலாம் குளத்தில் இறால் அள்ளினேன். நலமான குளம். தட்டு துடைத்ததுபோல் இருந்தது. வெள்ளைப் பேசின் வெடித்திருந்தபடியால், இன்னும் எந்தக் குளத்துக்கும் எடுக்காத புதுச் சிவப்புப் பேசினில் விட்டுப் படம் பிடித்தேன். நோய் என்றது. இறாலை மாற்றினேன். நோய். கைக்குள் நிற்காமல் துள்ளிய ஒன்றை விட்டேன். அதுவும் நோய்.

சற்று நேரம் அந்தப் பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அதற்குள் வைத்துப் படம் பிடித்தேன்.

என் செருப்புக்கும் வெள்ளைப்புள்ளி நோய் என்றது.

அந்தச் சிவப்புப் பேசின் என் ஏற்பாடு. ஒரு வருடம் ஒரு குளத்து நோய் பேசின் வழியாக அடுத்த குளத்துக்குப் போய்ப் பண்ணையே அழிந்தது. அதற்குப் பிறகு, நோய்க் குளத்துக்கு என்று சிவப்புப் பேசின், நலமான குளத்துக்கு வெள்ளைப் பேசின், ஒன்று மற்றதன் வரம்பைத் தாண்டக் கூடாது என்று வைத்தேன். அக்கம்பக்கத்துப் பண்ணைகளும் அதையே பழகிக்கொண்டன. படம் பிடிக்க வந்தவர்களுக்குப் பேசினை எடுத்துக் கொடுத்தவனும் நானே. காலைக் கழுவிவிட்டு வரம்பில் ஏறுவதுபோல அது எங்களுக்குப் பழக்கம். அதை ஒரு விசயமாக யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நோயுள்ள இறாலெல்லாம் சிவப்பில், நலமான இறாலெல்லாம் வெள்ளையில். இயந்திரம் இறாலைப் பார்க்கவே இல்லை. பேசினைப் பார்த்துப் படித்திருக்கிறது. சரிபார்த்த படங்களும் அதே பேசின்களில் பிடித்தவைதான், அதனால் எல்லாம் சரியாக வந்திருக்கிறது.

உதவி விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஒண்டு ரெண்டு பிழைக்கும்தான் அண்ணை, வந்து பாக்கிறம்" என்று வைத்துவிட்டார். முதலாளியிடம் சொன்னேன். அவர் சிலாபத்து ஆள். வீட்டில் சிங்களம், பண்ணையில் தமிழ்.

"நீ எத்தனாம் வகுப்பு?" என்று கேட்டார்.

"அஞ்சு."

"அவ?"

நான் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "அப்ப வாயப் பொத்திக்கிட்டு இரி. ஊர் முழுக்க முதலாளிமார் வாறாங்க. என் பண்ணையில வச்சு அந்த மிஸ்ஸ வெக்கப்படுத்தாத."

அவரை வெட்கப்படுத்த எனக்கும் விருப்பம் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நாளைக்கே ஒருவர் நோயுள்ள இறாலை வெள்ளைப் பேசினில் விட்டுப் படம் பிடிப்பார். அது பச்சை காட்டும். அவர் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார். நாலு நாளில் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். அந்தப் பச்சைக்கு அடையாளம் இட்ட விரல் என்னுடையது.

கூட்டத்தன்று பேராசிரியரின் வாகனம் வாசலுக்கு வந்தபோது நான் அங்கே நின்றேன். ஒரு கையில் சிவப்புப் பேசின், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய வெள்ளைப் பேசின் மறு கையில். ஒரு காலில்தான் செருப்பு. மற்றது பேசினுக்குள்.

"என்ன நானா இது?"

தொலைபேசியை அவர் கையில் கொடுத்து, பேசினைக் காட்டினேன். அவர் படம் பிடித்தார். சிவப்பு. செருப்பை எடுத்து வெள்ளைப் பேசினில் வைத்தேன். பிடித்தார். பச்சை.

பேராசிரியர் இரண்டு பேசினையும் மாறி மாறிப் பார்த்தார். உதவி விரிவுரையாளர், "மெடம், இண்டைக்கு வெள்ளைப் பேசின்ல நல்ல இறாலை மட்டும் காட்டுவம். பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்று மெதுவாகச் சொன்னார். கொட்டிலுக்குள் பண்ணைக்காரர்களின் சத்தம் கேட்டது. கட்டுரை போய்விட்டது. மூன்று வருடம் போய்விட்டது. அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. புருவத் தழும்பைப் பெருவிரலால் ஒரு தரம் தடவினார்.

"இந்தச் செருப்பக் கொஞ்சம் தாங்க நானா" என்றார்.

கொட்டிலுக்குள் போய், முப்பது பேருக்கு முன்னால் மேசையில் சிவப்புப் பேசினை வைத்து, என் அழுக்குச் செருப்பை அதற்குள் வைத்துத் தானே படம் பிடித்துத் திரையில் காட்டினார். நோய். வெள்ளையில் வைத்துக் காட்டினார். நலம். பிறகு, "என்ட பிழை இது. இந்த மெஷின உங்களுக்குத் தர மாட்டன்" என்றார்.

கொட்டில் சிரித்தது.

"மிஸ், இந்தச் செருப்புக்கு என்ன மருந்து போடுற?" என்று ஒருவர் கேட்டார்.

"நோய் வந்தா சோடியா அறுவடை செய்ய வேண்டியதுதான்" என்றார் இன்னொருவர்.

பின்வரிசையில் இருந்த பெரியவர் என்னைக் காட்டி, "மூணு வருசம் படிச்ச மெஷின விட இவன்ட கண்ணே போதுமே" என்றார்.

"போதாது காக்கா. அவருக்கு ரெண்டு கண். வாவியில எத்தன குளம்?" என்றார் பேராசிரியர், மூத்தவரை நாங்கள் அழைக்கும் முறையில் அவரைக் காக்கா என்று அழைத்து.

"அப்ப மூணு வருசமும் வீண்தானே?"

அதுவரை பல்கலைக்கழகத் தமிழ் கலந்து பேசிய பேராசிரியர் அப்போது முழுக்க முகாம் தமிழுக்கு மாறினார். "காக்கா, கையில ஒரு பையோட எங்களக் கடல்ல ஏத்தி அனுப்பினாங்க. ஓல மறைப்புக்குள்ள இருந்து முதல்ல இருந்து துவங்கினம். அதுக்கு ஆரும் வீண் எண்டு பேர் வைக்கல்ல. மூணு வருசத்துக்கா நான் அழப்போறன்?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மட்டும் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். அது எனக்குப் புதிது.

கட்டுரையை அவர் திரும்பப் பெற்றார். பல்கலைக்கழகத்தில் செருப்புப் பேராசிரியர் என்று சிலர் பெயர் வைத்தார்களாம். அவரே என்னிடம் சொன்னார், கோபம் இல்லாமல். அடுத்த பருவத்தில் மறுபடி வந்தார். இந்த முறை எல்லா நிறப் பேசினும் கொண்டுவந்தார், ஒவ்வொரு இறாலும் ஒவ்வொன்றிலும் இருந்தது. பேசினைக் குளத்துக்குக் குளம் மாற்ற நான் விடவில்லை, ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனி அடுக்கு வாங்க வைத்தேன். தீன் தட்டையும் படம் பிடித்தார்கள். என் மஞ்சள்களை ஒன்றும் கழிக்காமல் கொடுத்தார்கள். புதிய இயந்திரம் சில இறாலுக்கு, "தெரியாது, தட்டைப் பார்க்கவும்" என்று சொல்கிறது. உதவி விரிவுரையாளர் அதைக் காட்டி, "உங்களை மாதிரியே பிடிவாதம் அண்ணை" என்றார்.

புதிய கட்டுரைக்குச் சஞ்சிகையில் இருந்து ஒரு கேள்வி வந்தது. படங்களுக்கு அடையாளம் இட்ட நிபுணரின் கல்வித் தகைமை என்ன? கொட்டிலில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு பேராசிரியர் அதைப் படித்துச் சொன்னார்.

"அனுபவம் மிக்க கள நிபுணர் எண்டு போடுவம் மெடம். வகுப்பு என்னத்துக்கு?" என்றார் உதவி விரிவுரையாளர்.

"இல்ல. கேட்டதுக்குப் பதில் எழுதுங்க" என்றேன். "அஞ்சாம் ஆண்டு."

பேராசிரியர் தட்டச்சுச் செய்வதை நிறுத்தினார். "எந்தப் பள்ளிக்கூடம் நானா?"

மூன்று வருடத்துக்கு மேலாக விழுங்கி வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"உங்கட வகுப்புத்தான். பின்னேர வகுப்பு. நீங்க கதவுல அடிபட்டுப் புடிச்சீங்களே, அந்தக் கதிரைக்குப் பின்னால நிலத்தில இருந்தன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல மிஸ்."

"அப்ப என்னத்துக்கு இன்னும் மிஸ்?" என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். ஐந்தாம் ஆண்டு என்று எழுதினார். உதவி விரிவுரையாளர் மெல்லச் செருமினார். பேராசிரியர் திரும்பிப் பார்க்காமல் அதை அனுப்பினார். நான் எழும்பித் தட்டுத் தூக்கப் போனேன். இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.