தேதி கேட்காத பிரவுசர்

முந்தாநாள் குற்றாலத்தில் என் மகள் செல்வி வேலை பார்க்கும் லாட்ஜில் இருந்தபோதுதான் தகவல் வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சண்முகவேல் அண்ணாச்சி காலையில் காலமாகிவிட்டார். பதினெட்டு வருஷம் அவர் கடையில் டைப்பிங் வேலை பார்த்தவன் நான். செல்வியிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள், எதிரே நின்றவருக்கு அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் இரண்டு நாளாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறீர்கள். முடியாது என்று யாரையும் திருப்பி அனுப்பாதவராம். உண்மைதான். அதுதான் வினையே.

கடையில் இருந்தவை எல்லாம் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். புதிய இணையதளம் ஒன்றும் அவற்றில் திறக்காது. புதுசு வாங்கலாம் என்றால் எரிந்து விழுவார். "நல்லா ஓடுத பெட்டியத் தூக்கிப் போடச் சொல்லுதியே, ஒனக்கு மூளை இருக்காலே?" வாரக்கணக்கில் பிரவுசராகத் தேடித் தேடி இறக்குவார். ஒன்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். ஒன்றில் அமுக்க வேண்டிய பட்டனே இருக்காது. ஒன்று திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். கடைசியில், பழைய பெட்டிகளுக்காகவே யாரோ எங்கோ இருந்து செய்த ஒன்று சிக்கியது. அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு தடவைதான்.

அதைப் போட்ட பெட்டிக்குள் தேதியைக் காக்கும் சின்ன பேட்டரி செத்துப் பல காலம். எப்போது போட்டாலும் 2002 ஜனவரி ஒன்று என்றே காட்டும். தேதி தவறென்றால் பிரவுசர்கள் பக்கத்தைத் திறக்க மறுக்கும். சிக்கிய அந்தப் பிரவுசரில் தேதிச் சோதனையையே அவர் அணைத்து வைத்தார். பேட்டரியை மாற்றுவோம் என்றேன்.

"பக்கம் தெறக்குது பாத்தியாலே? பொறவு தேதி எதுக்கு?"

அந்தப் பெட்டியில்தான் செல்வி அரசு வேலைக்கு விண்ணப்பித்தாள். அந்த வேலைக்கான வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசித் தேர்வு. எழுதினாள், தேறினாள். திருநெல்வேலியில் சான்றிதழ் சரிபார்த்த அதிகாரி, விண்ணப்பப் பிரதியின் அடியில் பொடியாக அச்சாகியிருந்த தேதியைக் காட்டினார்: 01-01-2002. அந்தத் தாளின்படி என் மகள் மூன்று வயதில் வேலை கேட்டிருக்கிறாள். போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவன் நான். நானும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆலங்குளம் வழியாகப் போகும் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனார். அதிகாரியின் மானிட்டரிலேயே மாட்டி, தேதி 2002 என்றே வருவதைப் போட்டுக் காட்டினார். அதிகாரி ஒத்துக்கொண்டார், ஆனால் தேர்வானவர்களின் பட்டியல் அதற்குள் மேலே போய்விட்டிருந்தது. திரும்பி வந்தவர் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, அடுத்த ஆளை உட்காரச் சொன்னார். என்ன ஆயிற்று என்று கேட்க வந்திருந்த செல்வி கடை வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, பிள்ளகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டியளா?" என்று கேட்டேன்.

"அதான் நேர்ல போயி சொல்லிட்டு வந்துட்டேன்லா?"

அதிகாரியிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. அன்றோடு வேலையை விட்டேன்.

என்றைக்காவது லாட்ஜுக்கு வந்து அவள் முன்னால் நிற்பார் என்று ஒரு வருஷமாக எதிர்பார்த்தேன். வந்தால் என்ன கேட்க வேண்டும், எப்படித் திட்ட வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன். அவருக்கென்று என்னிடம் இருப்பது அந்த வார்த்தைகள்தான். நீங்கள் புகழுங்கள். நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கவில்லை.